‘ங்க’ இல்லாத ஒரு வசனம்

ஹட்டனில் நம் பிள்ளைகள் சிலர் ஒரு திரைப்படச் சங்கம் வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு படம் போட்டு, முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து அதைக் கிழித்துக் காயப்போடுவது அவர்கள் வழக்கம். போன மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய சிங்களப் படம். பேய் வராமலே பேய்ப் பயத்தைக் காட்டுகிற வகை. அதில் உடுப்பு வேலை பார்த்தவர்களில் இந்தப் பக்கம் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான் என்பதால், சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைய குளிருக்குச் சால்வை நன்றாகவே உதவியது.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் வேலை செய்த சிலருடைய பிள்ளைகள் இன்னும் என்னோடு பேசுகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. கதை இதுதான். கொழும்பிலிருந்து கல்யாணமாகி வரும் ஒரு பெண், தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் குடியேறுகிறாள். வைத்த சாமான் வைத்த இடத்தில் இருப்பதில்லை. ஆளில்லாத அறையில் யாரோ நடக்கிறார்கள். உனக்குத்தான் மனம் சரியில்லை என்று புருஷன் சொல்லிக்கொண்டே இருக்கிறான், அவளும் நம்பத் தொடங்குகிறாள். எந்தக் கதவைத் திறந்தாலும் வெள்ளைச் சேலை கட்டிய தமிழ் ஆயா ஒருத்தி பேசாமல் நிற்கிறாள். எல்லாம் அந்த ஆயாவின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சொத்துக்காக மனைவியைப் பைத்தியமாக்கப் பார்த்தவன் புருஷன்தான் என்பது கடைசியில் தெரியவரும்.

படம் முடிந்ததும் சுகன்யா எழுந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, சங்கத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“படம் முழுக்க நம்ம ஆளு ஒரே ஒருத்தங்கதான். அவங்களுக்குப் பேரு கெடையாது. வெள்ளச் சேல, முறைக்கிற கண்ணு, அவ்வளவுதான். மத்தவங்கல்லாம் கூடைய தூக்கிட்டுப் பின்னால நடக்குறாங்க. அந்த ஆயாவுக்கும் கடைசியில ஒரே ஒரு வசனம். அத சொன்ன கையோட மாடிப்படியில தள்ளிக் கொன்னுர்றாங்க. இதுக்குப் பேரு பிரதிநிதித்துவமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவள் சொன்னது அத்தனையும் உண்மை. பிறகு அவள் ஆயாவின் கையைப் பற்றிப் பேசினாள். படம் நெடுக அந்த ஆயா தன் தொண்டைக்குழியைக் கையால் பொத்திக்கொண்டே நிற்பாள். அது குரல் நெரிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் குறியீடு என்றாள் சுகன்யா. இந்த முறை நான் மட்டும் சிரித்தேன்.

“ஏன் அன்ட்டி சிரிக்கிறீங்க?”

“அது தாலிம்மா” என்றேன்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவர்கள் என்னை விடவில்லை. ஆயாவாக நடித்த பாக்கியம் இப்போது உயிரோடு இல்லை. அதனால் நீங்கள்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சுகன்யா திருத்தட்டும்.

நான் சினிமாவுக்குப் போனதற்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. அப்பாவுக்கு றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தேன். ஹட்டன் கடைவீதியில் ஒரு தையல் கடையில் களிசான் கால்களுக்கு விளிம்படித்துக்கொண்டு, வருகிறவர்களோடு பேசிப் பேசியே சிங்களமும் படித்துக்கொண்டேன். படம் பிடிக்க வந்தவர்களின் தையல்காரருக்கு மலைக்குளிரில் காய்ச்சல் வந்ததால் கடைக்கு ஆள் தேடி வந்தார்கள், நான் போனேன். காய்ச்சல் விட்ட பிறகும் என்னை வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு மலையில் எந்தப் படம், எந்த நாடகம் எடுத்தாலும், “ரெஜினாவக் கூப்பிடு” என்பதுதான்.

என் வேலையைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. துணி தைப்பது அதில் சின்னப் பகுதி. பெரிய வேலை, புதுத்துணியைப் பழசாக்குவது. தொழிற்சாலையில் கழித்த தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து, சேலையை அதில் முக்கி, நிழலில் காயப்போட்டு, முந்தானையையும் முழங்கால் படும் இடத்தையும் கல்லில் தேய்க்க வேண்டும். கொழுந்தெடுக்கிற பெண்ணின் சேலை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நைந்துபோகாது. இடுப்பில் செடிக்குத் தடுப்பாகப் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுவார்கள், அதற்கு உள்ளே இருக்கும் துணி புதுசு மாதிரியே இருக்கும். இன்னொரு வேலை, ஞாபகம். இன்று பாதி எடுத்த காட்சியின் மீதியை அடுத்த வாரம் எடுப்பார்கள். சேலை எதுவரை நனைந்திருந்தது, எந்தப் பக்கம் சேறு என்பதை நான் சொல்ல வேண்டும். சேலையின் உள்மடிப்பில் கலர் நூலால் முடிச்சுப் போட்டு வைப்பேன். நீலம் என்றால் ஈரம் அந்த உயரம் வரை, சிவப்பு என்றால் சேறு. அந்த முடிச்சுப் பாஷை எனக்கு மட்டுந்தான் தெரியும் என்பதால் என்னை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை.

அந்தப் படத்தின் டைரக்டர் கொழும்புச் சிங்களவர். சத்தம் போடவே மாட்டார். மனிதருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். கடைசியில் உதடு மட்டும் அசையும், அப்போது எல்லோரும் ஓடி ஒளிந்துகொள்வார்கள். காமிராவுக்கு முன்னால் வருகிற ஒவ்வொரு துணியையும் தொட்டுப் பார்ப்பார். “இது இந்த மனுசியுடையதா, ரெஜினாவுடையதா?” என்று கேட்பார். துணியில் என் கைவேலை தெரிந்தால் எடுத்துப்போகச் சொல்லிவிடுவார். துணியில் இவ்வளவு கண்ணாக இருந்த மனிதர், ஆளில் கோட்டை விட்டார். ஆயா வேடத்துக்குக் கொழும்பிலிருந்து நல்ல வெள்ளை நடிகை ஒருத்தியைக் கூட்டி வந்து, “இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கு” என்று மேக்கப்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலை மழைக்கு அந்தக் கறுப்பு நிற்குமா? தூறல் விழும்போதெல்லாம் கன்னத்திலிருந்து கோடு கோடாக வழிந்து வெள்ளைச் சேலையில் இறங்கியது. அதைத் துவைத்துத் துவைத்து என் கை தோல் உரிந்தது. எங்களைப் போல ஆக்குவதற்கு எதற்கடா இவ்வளவு சாயம், வாசலில் அத்தனை பேர் நிற்கிறோமே என்று எனக்கு எரிச்சலாக வரும். யாரிடம் சொல்வது? சேலையிடம்தான் சொன்னேன். நல்ல வேளையாக அட்டைக்கடி என் பக்கம் நின்றது. அந்த நடிகை ஒரு நாள் காலில் இரத்தத்தைப் பார்த்து அலறிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார்.

அன்றைக்குக் கூட்டக் காட்சிக்கு அந்தத் தோட்டத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். யாரும் காமிராவைப் பார்க்கக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் பார்த்தாள். நான் போய்க் கேட்டேன்.

“என்னையப் பாக்குற சாமான நான் பாக்கக்கூடாதாக்கா?” என்றாள்.

டைரக்டர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆயா இவள்தான்” என்றார். அவள்தான் பாக்கியம். கொழுந்தெடுக்கிறவள், புருஷன் முருகையாவுக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை.

கதைப்படி ஆயா கைம்பெண். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. சேலையைக் கையில் வாங்கிக்கொண்டு பாக்கியம் என்னை மூலைக்குக் கூட்டிப்போனாள்.

“வெள்ளச் சேல கட்டுறேங்க்கா, வேசந்தானே. தாலிய மட்டும் கழட்டச் சொல்லிறாதீங்க. அந்த மனுசன் கவ்வாத்துக் கத்தியோட மலையில நிக்கிறாரு.”

என் தாலியில் சிலுவை தொங்குகிறது. இருந்தாலும் கழற்று என்றால் நானும் கழற்ற மாட்டேன். ஆகவே உயரமான கழுத்துப்பட்டி வைத்து ஒரு சட்டை தைத்து, உள்ளே தாலியைப் போட்டுக்கொள்ள ஒரு சின்னப் பையும் வைத்தேன். குனிந்து நிமிர்ந்தால் மஞ்சள் கயிறு மட்டும் பட்டியைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அதனால் அவள் கை எந்நேரமும் தொண்டையிலேயே இருந்தது. டைரக்டருக்கு அது மிகவும் பிடித்துப்போய், கையை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அந்தக் கையில் சாவி இருக்கிறது, பழைய காயம் இருக்கிறது என்று பிற்காலத்தில் பேப்பரில் என்னென்னவோ எழுதினார்கள். சுகன்யா சொன்னதும் பிழை என்று நான் சொல்லமாட்டேன். படத்தில் தெரிகிறதை வைத்துத்தானே பிள்ளை பேச முடியும்.

இனி அந்த ஒரே வசனத்துக்கு வருகிறேன். பங்களாச் சமையலறையான குசினியின் வாசலில், மூடுபனியில், ஆயா முதல் தடவையாக வாய் திறந்து அந்த இளம் மனைவியை எச்சரிக்க வேண்டும். வானொலியில் பேசுகிற ஒருவர் கொழும்பில் இருந்தபடியே எழுதி அனுப்பியிருந்தார்: “அம்மணி, இவ்விடம் விட்டுச் செல்லுங்கள். தங்கள் உயிருக்கு ஆபத்து.”

நான் வாசித்துக் காட்டியதும் பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இது யாருக்கா பேசுறது? காமன் கூத்துல ராசா பேசுற மாதிரி இருக்கே.”

“அப்ப நீ எப்படிச் சொல்லுவ?”

கொஞ்சம் யோசித்தாள். “தொரசாணி, இங்க இருக்காதீங்க. போயிருங்க.”

டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். அப்படியே எடுத்தும் முடித்தோம். ஆனால் அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் எடுத்த சத்தத்தைப் பயன்படுத்துவதில்லை. ஜெனரேட்டர் சத்தமும் மழைச் சத்தமும்தான் அதில் இருக்கும். எல்லோரும் பிறகு கொழும்புக்குப் போய், படத்தைப் பார்த்துக்கொண்டே பேசிக் கொடுக்க வேண்டும்.

பாக்கியத்தால் கொழும்புக்குப் போக முடியாது. அவளிடம் அடையாள அட்டை இல்லை. அவள் அப்பாவின் பிரஜாவுரிமைச் சிக்கல் தீராமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அது வழிநெடுகச் செக்பொயின்ட் இருந்த காலம். அட்டை இல்லாத தமிழ்ப் பெண் என்றால் இறக்கி வைத்துவிடுவார்கள்.

“கொழும்புக்குப் போற வழியில இவள உள்ள போட்டுட்டாங்கன்னா, நான் எந்த ஊரு ஸ்டேசன்ல போயித் தேடுறதுங்க?” என்றார் முருகையா.

தயாரிப்பாளருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. கொழும்பிலேயே தமிழ் பேசுகிற ஒரு பெண்ணை வைத்துப் பேசிவிடலாம், இரண்டு வரிதானே என்று சொல்லியனுப்பினார். நான் தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

“மொகம் என்னோடது, வாயும் என்னோடது, கொரல் மட்டும் வேற ஒருத்தியோடதா?” என்றாள். “அப்ப அது நெசமாவே பேய்ப் படந்தாங்க்கா.”

மறுபடி அடுப்பை ஊதத் தொடங்கினாள். படம் நெடுகப் பேசாமல் நின்றவளுக்கு இரண்டே வரி, அதையும் அவள் வாயிலிருந்து பிடுங்குகிறார்களே என்று எனக்கு இருந்தது. அடுத்த நாள் கொழும்புக்கு ரயிலேறினேன். டைரக்டரிடம், “அவளால் வர முடியாது சார், உங்கள் மெஷின் வரலாமே, மெஷினிடம் யாரும் அட்டை கேட்க மாட்டார்களே” என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்: பந்து போவான்.

பந்து ஐயா ஒலிப்பதிவுக்காரர். பெயருக்கு ஏற்ற உருவம். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனால் சத்தத்தை மோப்பம் பிடிக்கிற மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தோட்டத்தில் எங்கே சத்தம் குறைவு என்று சுற்றிப் பார்த்து, பிள்ளைக் காம்பராவைப் பிடித்தார். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம், ஞாயிறு என்பதால் பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கி, லயத்தில் வீட்டுக்கு ஒரு கம்பளி கேட்டு ஜன்னலெல்லாம் தொங்கவிட்டோம். தொட்டில் கயிறுகளுக்கு நடுவில் மைக் நின்றது. தயாரானதும் மழை பிடித்தது. தகரக் கூரைக்குக் கீழே மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மழை விட்டதும் பாக்கியம் சொன்னாள். படப்பிடிப்பில் சொன்ன மாதிரியேதான் சொன்னாள். பந்து ஐயா தலையை ஆட்டினார். சரிதான், ஆனால் சொற்கள் தூங்குகின்றன என்றார். மறுபடி, மறுபடி என்று சொல்லச் சொன்னார். பிறகு ஓய்வு கொடுத்தார்.

“அக்கா, அந்தப் பொண்ணு கடைசியில தப்பிச்சுக்குவாளா?” என்று கேட்டாள் பாக்கியம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு யாருமே கதையைச் சொல்லவில்லை. நில் என்றார்கள், நின்றாள். பார் என்றார்கள், பார்த்தாள். நான் முழுக் கதையையும் சொன்னேன். எல்லாம் புருஷன் வேலை, நீ சொன்னதும் அந்தப் பெண் ஓடித் தப்பிவிடுகிறாள், அவன் உன்னைத் தள்ளிவிடுகிறான், நீ செத்துப்போகிறாய் என்றேன்.

“நான் எதுக்கு சாகணும்?”

“நீ அவளுக்குச் சொல்லிட்ட இல்ல, அதுக்குத்தான்.”

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். “அவளுக்காக சாகப்போறவ எதுக்குக்கா அவளுக்கு ‘ங்க’ போடணும்?”

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். பங்களாவில் இருக்கிற தோட்ட அதிகாரித் தொரையிடமோ அவர் மனைவி தொரசாணியிடமோ பேசும்போது எங்கள் வாயில் ‘ங்க’ தானாக வரும். மழை வருதுங்க, தேத்தண்ணி ஆறிப்போச்சுங்க. பங்களா நாய் கடித்தாலும், கடிச்சிருச்சுங்க. அங்கிருந்து எங்களுக்கு வருவது வா, போ, கொண்டா. ‘ங்க’ போடாமல் தொரசாணியிடம் பேசிய தோட்டத்துப் பெண்ணை நான் அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை.

பந்து ஐயா கை காட்டினார். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“தாயி, இங்க இருக்காத. போயிரு.”

சொந்தத் தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துச் சொல்வது போல இருந்தது. பந்து ஐயா மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சொற்கள் விழித்துக்கொண்டன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, என்ன சொற்கள் என்றுதான் தெரியாது. வசனத்தின் நீளம் சற்றுக் குறைந்த மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு என்னைக் கேட்டார்: “ஹரித, ரெஜினா?” சரியா என்று கேட்கிறார்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள்.

“ஹரி” என்றேன்.

உதட்டசைவு ஒட்டவில்லை. அதனால் டைரக்டர் வசனம் வரும் இடத்தில் ஆயாவின் முகத்தை எடுத்துவிட்டு, கேட்டுக்கொண்டு நிற்கிற இளம் மனைவியின் முகத்தை வைத்தார். ஏன் ஒட்டவில்லை என்று அவர் கேட்கவேயில்லை. அவருக்குத் தெரிந்துதான் கேட்கவில்லையோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

படம் ஹட்டனுக்கு வந்தபோது நான், பாக்கியம், முருகையா மூவரும் மலிவு டிக்கெட் எடுத்துக் கலரியில் உட்கார்ந்திருந்தோம். தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பாக்கியம் திரையில் வரும்போதெல்லாம் விசில். நான் மட்டும் திரும்பித் திரும்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், பல்கனியில் அவர்கள் தோட்டத்துத் தொரையும் தொரசாணியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொரசாணியும் கொழும்பிலிருந்து கல்யாணமாகி வந்த சின்ன வயதுச் சிங்களப் பெண்தான். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக விளங்கும். படத்துத் தொரசாணியை நீ என்று சொன்னவள், நாளைக்குக் காலையில் இவர்களுடைய பெரட்டுக் களத்தில் போய் நின்று வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

அந்த இடம் வந்தது. “தாயி, இங்க இருக்காத. போயிரு.” விசிலடித்துக்கொண்டிருந்த கலரி அப்படியே அடங்கிவிட்டது. முருகையா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். படம் முடிந்து எழுத்துப் போட்டபோது நான் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். என் பெயர் இருந்தது, பந்து ஐயாவின் பெயர் இருந்தது. பாக்கியத்தின் பெயருக்குப் பதிலாக, தோட்ட மக்களுக்கு நன்றி என்று இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்தால், தியேட்டர் வாசலில் தொரசாணி நிற்கிறார். நேராக எங்களிடம் வந்தார். முருகையா தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பாக்கியம், அந்தக் கடைசிப் பேச்சு படக்காரங்க எழுதிக் குடுத்ததா?”

நான் முந்திக்கொண்டு சிங்களத்தில் ஆமாம் போட்டேன். “ஓவ் நோனா, எழுதிக் கொடுத்ததுதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது.”

பாக்கியம் என் கையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளினாள்.

“இல்லீங்க. எழுதிக் குடுத்தது வேற. இது நான் பேசுனது.”

காரிலிருந்து தொரை ஹோர்ன் அடித்தார். தொரசாணி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

“ஒங்க பேர் எங்கயும் போடல்லயே” என்றார்.

“பேரு போகட்டுங்க” என்றாள் பாக்கியம். “கொரல் என்னோடது.”